முதல் மூன்று வருஷத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் ஞாயிறு பக்கங்களில், கைநிறையச் சம்பளம் வாங்கிய வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்க்கிறவர்களைப் பற்றி அவ்வப்போது எழுதுகிறீர்கள். ஒன்றையும் விடாமல் படிக்கிறேன், ஏனென்றால் நானும் அப்படி வந்தவள்தான். அந்தக் கட்டுரைகளில் இருப்பது பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வேலையை விட்டது ஒரு பத்தியில் வருகிறது, அடுத்த பத்தியில் அறுவடை வந்துவிடுகிறது. நடுவில் இருந்த மூன்று நான்கு வருஷம் எங்கே போயிற்று என்று ஒவ்வொரு தடவையும் தேடுகிறேன். அந்த வருஷங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடமில்லை என்றால் என் கதையை வெட்டிவிட்டு, கடைசியில் நான் கேட்டிருப்பதை மட்டுமாவது போடுங்கள்.

எனக்குத் திருவாரூர் மாவட்டம், நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறதே, அதில் கோரையாற்றுத் தண்ணீர்தான் எங்கள் வயலுக்கு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 17 வருஷம் கணக்குப் பார்த்தேன், கடைசி ஆறு வருஷம் கணக்குப் பிரிவு முழுக்க என் பொறுப்பு. 2021-இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடு என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள், அப்பா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு 41 வயது. ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கருக்கு மூன்று சென்ட் குறைவு. நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வரப்பில் ஓடி வளர்ந்தவள்தான், வயல் எனக்குப் புதிதில்லை என்ற தைரியம் அது. ஒரே மாதத்தில் அந்தத் தைரியம் போய்விட்டது. எந்த வயலில் எந்த ரகம், நாற்று விடுவது எந்தத் தேதி, தண்ணீர் எவ்வளவு நிற்கலாம், எப்போது வடிப்பது, யாரை எப்போது ஆளுக்குச் சொல்லி வைப்பது, ஒரு நாளைக்குப் பத்து முடிவு எடுக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் ஐம்பது வருஷம் செய்தவர் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். நான் கேட்பேன், அவர் நல்ல கையை அசைப்பார், கண் கலங்கும், வார்த்தை வராது. ஆமாம், இல்லை என்று தலையாட்டிச் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்டால் பதில் வரும். ஆனால் அப்படிக் கேட்பதற்கு விஷயம் பாதியாவது தெரிந்திருக்க வேண்டுமே. எனக்குக் கேள்வியே தெரியவில்லை.

புதிதாகக் கற்றுக்கொள்வது எனக்குப் பழக்கமில்லாதது இல்லை. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது, அதுவரை பத்து வருஷத்துக்கு மேல் எழுதி வந்த வரிக் கணக்கு முறை ஒரே இரவில் மாறியது. முதல் மாதம் ராத்திரி பதினொரு மணிவரை ஆபீஸில் உட்கார்ந்திருந்தோம். ஆனாலும் மூன்று நான்கு மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று இப்போது யோசித்தால் காரணம் தெளிவாகத் தெரிகிறது. மாதா மாதம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், தப்பு இருந்தால் அந்த மாதமே முட்டும், அடுத்த மாதம் திருத்திக்கொள்ளலாம். வருஷத்துக்குப் பன்னிரண்டு வாய்ப்பு. நெல்லில் எங்களுக்கு வருஷத்துக்கு ஒன்றுதான். எங்கள் வயலில் போர்வெல் கிடையாது, ஆற்றுத் தண்ணீரை நம்பிச் சம்பா ஒரு போகம். ஐப்பசியில் செய்த தப்பு தை மாதம் களத்தில் மூட்டை எண்ணும்போதுதான் தெரியும், அப்போதும் அது விதையால் வந்ததா, தண்ணீரால் வந்ததா, உரத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல எந்த ரசீதும் இருக்காது. சரி, அடுத்த தடவை மாற்றிச் செய்வோம் என்றால் அடுத்த தடவை என்பது ஒரு வருஷம் கழித்து, அதற்குள் மழையும் மாறியிருக்கும், மேட்டூர் திறக்கிற தேதியும் மாறியிருக்கும். வேலையை மாற்றிக்கொண்டு இங்கே வருகிறவர்கள் இந்த ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மற்ற தொழிலில் ஆறு மாதத்தில் வருகிற தேர்ச்சி இங்கே ஆறு போகம் கேட்கும்.

முதலில் தடுக்கியது அளவுகள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஊரில் எல்லோரும் மா கணக்கில் பேசுவார்கள், மருந்து பாட்டிலில் ஏக்கர் கணக்கு அச்சடித்திருக்கும், துண்டறிக்கையில் ஹெக்டேர் போட்டிருப்பார்கள். மூட்டையும் அப்படித்தான், ஊர்ப் பேச்சில் 60 கிலோ, கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ. மாவுக்குப் பத்து மூட்டை என்று ஒருவர் சொன்னால் எந்த மூட்டை என்று கேட்டு எழுதிக்கொள்ளவே எனக்குப் பல மாதம் ஆனது. கணக்கே தொழிலாக இருந்த நான் முதல் வருஷம் ஒரு வயலுக்கு டி.ஏ.பி. உரம் இரண்டு மடங்கு போட்டிருக்கிறேன்.

2021 சம்பாவுக்கு வருகிறேன். வீடியோ பார்த்தும் நாலு பேரைக் கேட்டும் நல்ல விலை போகும் என்று ஒன்பது மாவிலும் பி.பி.டி. 5204, அதாவது ஆந்திரா பொன்னி நட்டேன். எங்கள் நிலத்தில் தெற்கே இரண்டு மா பள்ளக்கால், தண்ணீர் தேங்குகிற தாழ்ந்த வயல். நடவுக்கு ஆள் கூட்டி வந்த அக்கா அங்கே இறங்கும்போதே, "பாப்பா, இதுல சி.ஆர். போட்டுருக்கலாமே" என்றார். எனக்கு அது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அந்த வருஷம் தீபாவளி முடிந்து பெய்த மழை டெல்டாக்காரர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பள்ளக்கால் ஒன்பது நாள் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. வடிந்தபோது பயிர் அழுகிக் குழைந்து கிடந்தது, கையால் அள்ளினால் கையோடு வந்தது. பக்கத்து வயலில் சி.ஆர். 1009 சப் 1 போட்டிருந்தார்கள், அது இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தாங்கக்கூடிய ரகம், தண்ணீர் வடிந்த ஒரு வாரத்தில் குருத்து விட்டுத் தெளிந்துவிட்டது. வரப்பில் நின்று இரண்டு வயலையும் மாறி மாறிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த மழையில்தான் இன்னொன்றும் புரிந்தது. காவிரியில் தண்ணீர் வரவில்லை என்பதுதான் டெல்டாவின் கஷ்டம் என்று, திருப்பூரில் இருந்தவரை செய்திகளைப் படித்துப் படித்து நினைத்திருந்தேன். வயலுக்குத் தண்ணீர் வருவது பாதிக் கதைதான். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீரை வெளியே அனுப்பத் தெரிந்தால்தான் பயிர் நிற்கும். இங்கே பூமி தட்டையாக இருக்கிறது, என் வயல் தண்ணீர் அடுத்தவர் வயல் வழியாகப் போய்த்தான் வடிகாலில் விழ வேண்டும், அந்த வடிகால் வெங்காயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால் எல்லோர் வயலும் சேர்ந்து நிற்கும். மழை கொட்டுகிற ராத்திரியில் போய் அடுத்தவர் வரப்பை வெட்டக் கூடாது, புரட்டாசியிலேயே பேசி வைத்திருக்க வேண்டும், எந்த இடத்தில் வெட்டுவது, முதலில் யார் வயல், அப்புறம் யார் வயல் என்று. இதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் இது எங்கள் ஊர் மேடு பள்ளமும் எங்கள் ஊர் மனிதர்களும் சேர்ந்த விஷயம். அந்த வருஷம் ஒன்பது மாவுக்கும் சேர்த்து, ஊர்க் கணக்கில், 34 மூட்டை கண்டது.

2022-இல் மேட்டூரை மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். தண்ணீருக்குக் குறைவில்லை, இந்த வருஷம் தேறிவிடுவேன் என்று நம்பினேன். கார்த்திகையில் நடு வயலில் பயிர் வெளுத்து மஞ்சளாகத் தெரிந்தது. பயந்து யூரியா போட்டேன். பச்சை ஏறியது, மனதும் குளிர்ந்தது, இன்னொரு கை போட்டேன். மார்கழியில் அங்கங்கே வட்ட வட்டமாகக் காய ஆரம்பித்தது. மருந்துக் கடையில் சொன்னால் ஒரு மருந்து கொடுத்தார்கள், அடித்தேன், பத்து நாளில் வட்டம் பெரிதாகிவிட்டது. ஒரு காலை அக்கா வரப்போடு வந்தவர் நின்று பார்த்துவிட்டு, இறங்கி இரண்டு கையாலும் பயிரை விலக்கி, "இலைய ஏன் பாக்குற, தூரைப் பாரு" என்றார். குனிந்து பார்த்தேன். தண்ணீருக்குச் சற்று மேலே, தண்டோடு தண்டாகப் பழுப்பு நிறத்தில் பொடிப் பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. புகையான், பயிரின் சாற்றை உறிஞ்சுகிற பூச்சி. நான் மூன்று வாரமாக நின்ற வாக்கில் இலை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தழைச்சத்து மிஞ்சினால் புகையான் கூடும், பயிர் நெருக்கமாக இருந்து காற்றும் வெளிச்சமும் தூருக்குப் போகாவிட்டால் இன்னும் கூடும், சில மருந்துகள் புகையானைத் தின்கிற சிலந்தி முதலான நல்ல பூச்சிகளையும் சேர்த்துக் கொன்றுவிடுவதால் அடித்த பிறகு முன்னைவிட அதிகமாக வரும். இதெல்லாம் பிறகு நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டது. நடும்போதே எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விட வேண்டும், புகையான் கண்டால் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இலையின் பச்சையை எண் போட்ட நிறங்களோடு ஒப்பிடுகிற இலை வண்ண அட்டையையும் அங்கேதான் காட்டினார்கள். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், நன்றாக விரிந்த இளம் இலையை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பத்து இலையில் எத்தனை இலை அளவுக்குக் கீழே இருக்கிறது என்று எண்ணி, வெள்ளைப் பொன்னி என்றால் 3, மற்ற ரகங்களுக்கு 4, அதற்குக் கீழே போனால்தான் யூரியா. எண்களோடு வாழ்ந்தவளுக்கு அந்த அட்டை கையில் கிடைத்தபோது பெரிய ஆறுதல். கண்ணாலேயே பார்த்து அக்கா சொல்வதும் அட்டை சொல்வதும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது, அதையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

அந்த வருஷத்துக் கஷ்டம் அதோடு நிற்கவில்லை. யூரியாவில் கொழுத்த பயிர் கதிர் முற்றும்போது சாய்ந்தது, அறுவடைக்குப் பத்து நாள் முன்னாலேயே வயலைக் காயவிட வேண்டும் என்பதிலும் பிந்திவிட்டேன், 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் எதிர்பாராத மழை வேறு அடித்தது. டெல்டா முழுக்கப் பயிர் சாய்ந்தது உண்மை, ஆனால் எங்கள் தெருவில் என் வயல்தான் பாய் விரித்த மாதிரி கிடந்தது. அறுத்த நெல்லில் ஈரம் கொள்முதல் வரம்பான 17 சதவீதத்துக்கு மேல் இருந்ததால் ரோட்டில் கொட்டி மூன்று நாள் காயவைத்தோம், ராத்திரியும் பாயைப் போட்டு அங்கேயே படுத்தேன். 58 மூட்டை.

2023, சம்பாவுக்கு முன்னால் குறுகிய காலப் பயிரான குறுவை போடுகிறவர்களுக்கு மிகக் கொடுமையான வருஷம். ஜூன் 12-இல் திறந்த மேட்டூரை அக்டோபர் 10-இல் மூடிவிட்டார்கள். ஆற்றில் முறை வைத்து விட்ட தண்ணீரை நம்பி நாற்று விட எனக்குத் துணிச்சல் இல்லை, காய்ந்த மண்ணில் நேராக விதைக்கிற புழுதி விதைப்பு செய்தேன். முளைப்பு நன்றாக வந்தது என்று சந்தோஷப்பட்டேன். அதில் பாதி குதிரைவாலிப் புல் என்று எனக்குத் தெரியவில்லை, பச்சையாக நெல் மாதிரியே நிற்கிறது. களையெடுக்க இறங்கிய நான் நெல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்ததை அக்காதான் பார்த்து நிறுத்தினார். கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பயிரையும் ஒரு புல்லையும் பிடுங்கி, இலை தண்டோடு சேருகிற இடத்தில் மடக்கிக் காட்டினார். நெல்லில் அந்த இடத்தில் மெல்லிய வெள்ளைச் சவ்வு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் மயிர் மயிராகச் சின்னக் காது இருக்கிறது. குதிரைவாலிப் புல்லில் அந்த இடம் மொட்டையாக இருக்கிறது. அன்றைக்கு வெயில் ஏறும்வரை நூறு தடவையாவது மடக்கி மடக்கிப் பார்த்திருப்பேன். அதற்கப்புறம் நான் ஒரு நெல்லைக்கூடக் களை என்று பிடுங்கியதில்லை. அந்த வருஷம் 61 மூட்டை, களைக்கூலி போக மிஞ்சியது கொஞ்சம்தான்.

2024-இல் மேட்டூர் திறந்ததே ஜூலை 28-இல்தான், ஆனால் சம்பாவுக்குத் தண்ணீர் கிடைத்தது. பள்ளக்கால் இரண்டு மாவில் சி.ஆர். 1009 சப் 1. மற்ற வயலில் எட்டடிக்கு ஒரு பட்டம். புரட்டாசியிலேயே நாங்கள் ஆறு வயல்காரர்கள் சேர்ந்து வடிகாலைச் சுத்தம் செய்து, எங்கே வெட்டுவது என்று குச்சி நட்டு வைத்தோம். நவம்பர் கடைசி வாரம், ஃபெஞ்சல் புயலாக ஆவதற்கு முந்தைய நாட்களில், அந்தப் பெருமழை பெய்தது. ராத்திரி இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு போனேன். யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டியிருக்கவில்லை, எந்த மடையை முதலில் திறப்பது என்று கால் தானாகப் போனது. மூன்று நாளில் தண்ணீர் இறங்கிவிட்டது. 97 மூட்டை. அப்பா களத்துக்கு வர வேண்டும் என்று கையைக் காட்டினார், நாற்காலியோடு தூக்கி வந்தோம், குவியலில் ஒரு கை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார்.

இத்தனை இடத்தில் அக்கா என்று எழுதியிருக்கிறேனே, அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. அவருக்கு அறுபதுக்கு மேல் வயது. பத்து வயதில் வயலில் இறங்கியவர், சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. சின்ன வயதில் நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன், என்னைவிட இருபது வயது மூத்தவரை. எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், தப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் முதல் சில மாதம் அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. ஆபீஸில் எல்லோரும் என்னிடம் வந்து கேட்பார்கள், அந்த நினைப்பு ஒரு பக்கம், நிலத்துக்காரி கூலிக்கு வருகிறவரிடம் கேட்பதா என்று எனக்குள் ஊறிக் கிடந்தது இன்னொரு பக்கம். பள்ளக்கால் அழுகிய அன்றுதான் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, அக்கா, எனக்கு ஒன்றும் தெரியாது, சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டேன். கூலி கூடுதலாகக் கேட்டுப் போராடியவர்களின் குடும்பங்களில் 44 பேரை 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் உயிரோடு எரித்த மண் இது, அதில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். இந்த மண்ணின் நெல்லைப் பற்றி முழுதாகத் தெரிந்தவர்கள் இந்தப் பெண்கள்தான். ஐம்பது வருஷமாக ஐம்பது பேர் வயலில் இறங்கியவருக்குத் தெரிவது, தன் ஒரு வயலை மட்டும் பார்த்தவருக்குத் தெரியாது. ஒரு போகத்தில் அவர்கள் இருபது முப்பது வயலைப் பார்த்துவிடுகிறார்கள். நான் வருஷத்துக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டிருந்த அனுபவம் அவர்களுக்கு வருஷத்துக்கு முப்பதாகச் சேர்ந்திருக்கிறது.

பதிலுக்கு எனக்குத் தெரிந்ததை நானும் செய்கிறேன். அக்காவின் சுயஉதவிக் குழுக் கணக்கை எழுதிக் கொடுக்கிறேன். தெருவில் பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா, அடங்கல் என்கிற நில ஆவணங்களை எடுத்து, சர்வே எண்ணும் உட்பிரிவும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கடைசித் தேதிக்குள் போட்டுக் கொடுக்கிறேன். சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம் விவசாயி கட்ட வேண்டும், மகசூலை வருவாய்க் கிராம அளவில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் கட்டம் அறுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள், தனித்தனி வயலைப் பார்த்து இல்லை, இதை எடுத்துச் சொன்னபோது பல பேருக்கு அது புதுச் செய்தியாக இருந்தது. பழைய தொழிலில் கற்றது எதுவும் வீணாகப் போகவில்லை என்று வேலை மாற நினைக்கிறவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இனி நான் கேட்பது. டெல்டாவில் ஆராய்ச்சிக்குக் குறைவில்லை, ஆடுதுறையில் 1922-இலிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிறது. பயிற்சிகளும் நடக்கின்றன, நான் போன பயிற்சிகளில் சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லோரும் அக்கறையாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒரு நாள், இரண்டு நாள், மண்டபத்தில் உட்கார்ந்து, திரையில் படம் பார்த்து முடிந்துவிடுகிறது. புகையானைப் படத்தில் பெரிதாகக் காட்டினார்கள், வயலில் அது தூரில் பொடியாக ஒட்டிக் கிடக்கும்போது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பயிற்சி ஆவணியில் நடக்கும், சந்தேகம் மார்கழியில் வரும்.

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. இந்தோனேசியாவில் பூச்சிமருந்தை அள்ளி அடித்ததில் புகையான் பெருகி நெல் அழிந்தபோது, 1986-இல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தார்கள். 1989-இல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இருபது இருபத்தைந்து பேர், ஒரு போகம் முழுக்க, வாரம் ஒரு காலை, ஒரு வயலில் கூடுவார்கள். தூரை விலக்கிக் கெட்ட பூச்சி எத்தனை, நல்ல பூச்சி எத்தனை என்று எண்ணி, தாளில் வரைந்து, இந்த வாரம் என்ன செய்வது என்று சேர்ந்து முடிவெடுப்பார்கள். நம் நாட்டுக்கும் அது வந்தது, நம் வேளாண் துறையும் பண்ணைப் பள்ளி என்று நடத்துகிறது. நான் கேட்பது, டெல்டாவில் ஒவ்வொரு பாசன வாய்க்காலுக்கும் ஒன்றாவது, நாற்றங்காலில் தொடங்கி அறுவடை வரை வாரம் தவறாமல் நடக்க வேண்டும். திருப்பூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் திரும்பி வந்தவர்கள், அப்பாவோ கணவரோ படுத்துவிட்டதால் முதல் தடவையாக வயலுக்கு வந்த பெண்கள், வாய்மொழிக் குத்தகைக்குப் பார்க்கிறவர்கள், இவர்களை முதலில் சேர்க்க வேண்டும். அப்புறம், வேளாண் அலுவலரோடு கூட நடவுக்கும் களைக்கும் வருகிற ஒரு பெண்ணும், ஊருக்குத் தண்ணீர் பார்க்கிற ஒரு பெரியவரும் அங்கே பயிற்றுநர்களாக இருக்க வேண்டும், பயிற்றுநருக்கு என்ன சம்பளமோ அதைக் கொடுத்து. கூலிக்கு வந்த இடத்தில் இலவசமாகச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இனியும் விடக் கூடாது. நானும் நான்கு வருஷம் அப்படித்தான் வாங்கிக்கொண்டேன், அது எனக்கு உறுத்துகிறது.

உங்களிடம் கேட்பது ஒன்று உண்டு. அடுத்த தடவை ஞாயிறு பக்கத்தில் இப்படி ஒருவரைப் பற்றி எழுதும்போது முதல் வருஷம் எத்தனை மூட்டை, இரண்டாம் வருஷம் எத்தனை, அந்த வருஷங்களில் வீட்டுச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நான் இரண்டு வருஷம் பழைய கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுத்தேன், அந்தப் பணம் இல்லையென்றால் 2022 பயிரோடு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பேன். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அடுத்த மாதமே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஊரில் அப்படி வந்த ஒரு தம்பி முதல் சம்பாவோடு மனம் உடைந்து திரும்பிப் போய்விட்டான். தனக்கு ராசி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். முதல் போகம் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று யாராவது அவனிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் இன்னும் ஒரு போகம் இருந்து பார்த்திருப்பான்.

இந்த வருஷம், 2025-இல், ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டார்கள். வரும் சம்பாவுக்கு எங்கள் வயலில் மேட்டு வயல் ஒரு மாவை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். நாற்று விடுகிற நாளிலிருந்து அறுவடை வரை செவ்வாய்க்கிழமை தோறும் காலை ஏழு மணிக்கு அங்கே கூடுகிறோம். அக்கா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், நாலு மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் நடவுக் கூலிக்கு மேல் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம், அதை வருகிறவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம், முடியாதவர்கள் பங்கை நான் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஐந்து பேர் பெண்கள். நீடாமங்கலம், மன்னார்குடி, வலங்கைமான் பக்கம் புதிதாக வயலுக்கு வந்திருக்கிறவர்கள் யாராவது சேர விரும்பினால் உங்கள் அலுவலகத்துக்கு எழுதட்டும், கடிதங்களை எனக்கு அனுப்பி வையுங்கள். நோட்டு, பென்சில் கொண்டு வந்தால் போதும், இலை வண்ண அட்டை என்னிடம் மூன்று இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்